தூக்கிப் பிடித்துத் திருப்பவும்

நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் வாங்கும் மிக விலையுயர்ந்த பொருள் ஓர் அடுக்குமாடி வீடு. இருபது வருடச் சம்பளத்தை வங்கிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வாங்குகிறோம். கத்தரிக்காய் வாங்குகிறவனுக்கு இருக்கும் உரிமைகூட இதில் நமக்குக் கிடையாது. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்க்கலாம். காம்போரம் ஓட்டை தெரிந்தால் கூடையிலேயே திருப்பிப் போடலாம், கடைக்காரம்மா முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். வீட்டு விஷயத்தில் முறை வேறு. முதலில் கையெழுத்து. பிறகுதான் சாவி.

எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று நின்று படித்தவர்கள் குறைவு. 'மேற்படி வீட்டை நேரில் முழுமையாகச் சோதித்துப் பார்த்தேன். கதவு, ஜன்னல், பூட்டு, குழாய், மின்இணைப்பு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. எனக்குப் பூரண திருப்தி' என்கிற ரீதியில் அச்சடித்த ஒரு தாள் அது. சோதித்துப் பார்க்கச் சாவி வேண்டும். சாவி வேண்டுமென்றால் சோதித்துப் பார்த்தாயிற்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தத் தர்க்கத்தைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைக்கலாம். கடைசித் தவணை அவர்கள் கணக்கில் ஏறியாயிற்று, ஐயர் நாள் குறித்தாயிற்று, வாடகை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. இந்த நிலையில் எவன் பேனாவை மூடி வைத்துவிட்டு 'மேலே போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்பான்? மேசையில் லட்டுப் பெட்டி தயாராக இருக்கிறது. போட்டோவுக்காக இரண்டடி நீளத்தில் அட்டையில் செய்த தங்கநிறச் சாவியை நீட்டுகிறார்கள். குடும்பத்தோடு அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். அந்தப் படம் அன்று மாலையே கம்பெனியின் முகநூல் பக்கத்தில் ஏறுகிறது: இன்னொரு மகிழ்ச்சியான குடும்பம்.

மகிழ்ச்சி பால் காய்ச்சும் வரை தாங்கும். அன்று ராத்திரி படுக்கப் போகும்போதுதான் யாராவது ஜன்னலைச் சாத்தப் போவார்கள்.

பழைய வீட்டு ஜன்னலில் ஒரு கொண்டி இருந்தது, அது போய் விழ ஒரு வளையம் இருந்தது, மேலும் கீழும் தாழ்ப்பாள் இருந்தது. ஆசாரி ஒருவர் அதை மாட்டிவிட்டு, நாலு தடவை சாத்தித் திறந்து பார்த்துவிட்டுத்தான் கூலி வாங்கிக்கொண்டு போனார். ஐம்பது வருடம் கழித்து மரம் உப்பிக்கொண்டால் இழைப்புளியோடு அவர் மகன் வந்தார். இப்போது இருப்பது யு.பி.வி.சி. வெள்ளை வெளேரென்று, மல்டி ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரி மாதிரி. கண்ணாடி ஷட்டர் ரோலரில் ஓடி வந்து ஃபிரேமில் இடிக்கும். ஹேண்டிலைத் திருப்பினால் ஷட்டருக்குள் இருந்து ஒரு கொக்கி வெளியே வந்து, ஃபிரேமில் திருகியிருக்கும் கீப்பர் என்ற சின்னத் தகட்டின் துளைக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் இந்த நவீன அற்புதம். ஒரு கொக்கி, ஒரு துளை.

நம் வீட்டில் கொக்கி துளைக்குள் போகாது. துளையின் உதட்டில் இடித்துவிட்டு நிற்கும். ஆனால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதில் குறை வைக்கவில்லை. ஹேண்டிலும் பூட்டிய நிலைக்கு வந்து நிமிர்ந்து நிற்கும். பார்க்கிறவனுக்குப் பூட்டிய ஜன்னல். பால்கனிப் பக்கம் போய் வெளியிலிருந்து ஒற்றை விரலால் தள்ளினால், புது ரோலர் பாருங்கள், வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திறக்கிறது. பூட்டாத பூட்டையாவது மன்னிக்கலாம். பூட்டிவிட்டதாக நடிக்கிற பூட்டை என்ன செய்வது?

புகார் செய்தால் ஆள் வருவார். அதற்கு ஒரு செயலி உண்டு. அதில் டிக்கெட் எண் உண்டு, நடுவில் தானாகவே 'தீர்க்கப்பட்டது' என்று மூடிக்கொள்ளும் வசதியும் உண்டு. மூடுவதற்கென்று அவர்கள் செய்ததில் ஒழுங்காக மூடுவது அந்த டிக்கெட் ஒன்றுதான். விடாமல் திறந்துகொண்டே இருந்தால், ஒருநாள் உண்மையாகவே ஒரு பையன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நிற்பான். பார்ப்பான். கீப்பரின் இரண்டு திருகையும் கழற்றுவான். பையிலிருந்து ஒரு காலி அட்டைப் பெட்டியை எடுத்து, ஒரு மூலையைக் கிழித்து, இரண்டாக மடித்து, கீப்பருக்கு அடியில் வைத்துத் திரும்ப முறுக்குவான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கீப்பருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த அட்டையின் ஓரத்தில் 'பிரிசிஷன்' என்று நீல எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன்பிறகு செய்முறை விளக்கம்.

"ஒண்ணும் இல்ல சார். இடது கையால ஷட்டர லேசா தூக்கிப் பிடிங்க. அப்படியே உள்பக்கமா ஒரு தள்ளு. தள்ளிக்கிட்டே வலது கையால திருப்புங்க. பாத்தீங்களா? உக்காந்துடுச்சு."

"தம்பி, அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசுப்பா."

"பழகிடும் சார்."

இதில் அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவன் கையில் கொடுத்தனுப்பியது ஒரு ஸ்க்ரூடிரைவரும் அன்றைக்கு முடித்தாக வேண்டிய வீடுகளின் பட்டியலும். அவனுக்கு இந்த வசனத்தைச் சொல்லிக் கொடுத்து அனுப்பியவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும். ஐந்து மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக் கிலோ எடை. சாதாரணப் படுக்கையறை ஜன்னல் ஷட்டரில் ஏறக்குறைய அவ்வளவு கண்ணாடி இருக்கும், அதைச் சுற்றிய பிளாஸ்டிக்கும் அதற்குள் சொருகிய இரும்பும் தனி. ஒரு கிழவி தினமும் ராத்திரி அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று வாஸ்து சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதா? விளம்பரப் புத்தகத்தில் ஜிம் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். அது கிளப் ஹவுஸின் மாடியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். படுக்கையறையிலேயே அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பராமரிப்புக் கட்டணம்கூட வாங்காமல். வள்ளல்கள்.

அட்டை முதல் மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கும். நனைந்து கூழானதும் கீப்பர் பழைய இடத்துக்குப் போய்விடும். ஷட்டர் ஏன் இறங்கியது, கொக்கி ஏன் தவறியது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்த்தால் ஒன்றும் மாயமில்லை. ஷட்டரின் அடியோரத்தில், ஒரு சின்ன மூடிக்குப் பின்னால், ரோலரை ஏற்றி இறக்க ஒரு திருகு பெரும்பாலும் இருக்கும். அதைச் சரியாகத் திருகினால் ஷட்டர் நேராகி, கொக்கி தன் துளைக்கு எதிரே வந்து நிற்கும். ஐந்து நிமிட வேலை. ஃபிரேமே கோணலாக இருந்தால் மட்டும் இந்த ஐந்து நிமிடம் போதாது. நம் கட்டடங்களில் ஃபிரேம் கோணல்தான்.

அது எப்படிக் கோணலாகிறது என்பது தனிப் புராணம். சுவரில் ஜன்னலுக்கு விடும் திறப்பு நாலு மூலையும் சரியாக இருக்க வேண்டும். மூலைமட்டம், தூக்குக்குண்டு, ரசமட்டம் என்று இதற்காக மூன்று சாதனங்களை நம் கொத்தனார்கள் காலங்காலமாகக் கையில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மேஸ்திரிக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி. மூலைமட்டம் வைத்துப் பார்த்த நேரத்துக்குக் காசு கிடையாது. திறப்பு ஒரு பக்கம் ஆறேழு மி.மீ. இறங்கிப்போகிறது. ஜன்னல்காரர் வந்து அளக்கிறார், அதுவும் சில இடங்களில் பூச்சு வேலைக்கு முன்பே. ஃபேக்டரியில் அச்சாகச் சதுரமாக வெட்டி ஒட்டிய ஃபிரேம் வருகிறது. சதுரமான ஃபிரேம், கோணலான திறப்பு. முறையாகச் செய்வதென்றால் சந்துகளில் பேக்கிங் கட்டை வைத்து, ரசமட்டம் பார்த்து, மெதுவாக முறுக்கி, மிச்ச இடைவெளியை ஃபோமால் நிரப்ப வேண்டும். இங்கே செய்வது, ஃபிரேமைத் திறப்பில் நிறுத்தி, டிரில் போட்டு, ஸ்க்ரூவைச் சுவரோடு சுவராக இறுக்குவது. ஃபிரேம் பிளாஸ்டிக், வளைகிறது. சுவரின் கோணலை விசுவாசமாக அப்படியே வாங்கிக்கொள்கிறது. சுற்றிலும் ஒரு கோடு வெள்ளை சிலிகானை இழுத்துவிட்டால் எல்லாப் பாவமும் மூடப்பட்டுவிடும். சிலிகான் கண்டுபிடிக்கப்படாமல் இருந்திருந்தால் சென்னையில் பாதிக் கட்டடங்களை விற்றிருக்கவே முடியாது.

இப்போது யார் குற்றவாளி என்று கேட்டுப் பாருங்கள். ஜன்னல்காரர் சொல்வார், திறப்பு கோணல், கொத்தனார் வேலை. கொத்தனார் காண்ட்ராக்டர் சொல்வார், பூச்சு முடிந்த பிறகு அளந்திருக்க வேண்டியது ஜன்னல்காரர் வேலை. லாக் சப்ளை செய்தவர் சொல்வார், எங்கள் லாக் பக்கா, மாட்டினவன் சரியில்லை. சைட் இன்ஜினியர் அந்தப் புராஜெக்டிலிருந்து வேறு புராஜெக்டுக்கு மாறிப் போயிருப்பார். கஸ்டமர் ரிலேஷன்ஸ் பெண்மணி, பாவம், எல்லோரிடமும் பேசிவிட்டு நம்மிடம் வந்து கேட்பார்: "சார், வீட்ல குழந்தைங்க யாராவது லாக்கப் போட்டு விளையாடுறாங்களா?" சுற்றிச் சுற்றி வந்து பழி கடைசியில் ஜன்னலைச் சாத்திய கையிலேயே வந்து நிற்கிறது.

நடுவில் இன்னொரு வசனமும் வரும், தாழ்ந்த குரலில், நம்மை ஆட்களோடு ஆளாகச் சேர்த்துக்கொண்டு: "எல்லாம் வடக்கத்திப் பசங்க வேலை சார், என்ன பண்றது." இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, நீங்கள் போட்ட தகரக் கொட்டகையில் தங்கி, பன்னிரண்டாவது மாடியின் விளிம்பில் நின்று ஃபிரேம் மாட்டிய பையனுக்கு நீங்கள் ரசமட்டம் வாங்கிக் கொடுத்தீர்களா? இப்படி மாட்டு என்று சொல்லிக் கொடுக்க ஒரு ஆளை நிறுத்தினீர்களா? ஒரு நாளைக்கு இத்தனை ஜன்னல் என்று விரட்டியது யார்? லாபத்தில் அவனுக்குப் பங்கில்லை, பழியில் மட்டும் முழுப்பங்கு.

விஷயத்தின் வேர் கொள்முதல் அறையில் இருக்கிறது. ஜன்னல் விற்கப்படுவது சதுர அடிக் கணக்கில். பில்டரின் பர்ச்சேஸ் துறை பேரம் பேசுவதும் சதுர அடிக்குத்தான். கண்ணாடியின் கனத்தைக் குறைத்தால் யாராவது அளந்துவிடுவார்கள். பிளாஸ்டிக் புரொஃபைலில் கம்பெனிப் பெயர் அச்சிட்டிருக்கும், அதை மாற்ற முடியாது, 'ஜெர்மன் தொழில்நுட்பம்' என்று விளம்பரம் போட அதுதான் ஆதாரம். மிச்சம் இருப்பது ஹார்டுவேர்: ஹேண்டில், கொக்கி, கீப்பர், ரோலர், திருகு. பெயரில்லாத அநாதைகள். வெட்டு அங்கே விழுகிறது. ஜன்னலில் மனிதக் கை படுகிற ஒரே இடம் எதுவோ, காற்றுக்கும் திருடனுக்கும் எதிரே நிற்கிற ஒரே இடம் எதுவோ, அங்கேதான் ஜன்னலுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறார்கள். வரவேற்பு லாபியில் இத்தாலிய மார்பிள் பளபளக்கிறது. அதை யாரும் பூட்ட வேண்டியதில்லை.

மாதிரி வீட்டைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஜன்னல் ஹேண்டில் கனமாக, கைக்கு அடக்கமாக இருக்கும். திருப்பினால் மேலே, நடுவே, கீழே என்று பல கொக்கிகள் ஒரே நேரத்தில் போய் மாட்டும். விற்பனைப் பெண் அதைத் திருப்பிக் காட்டி, "சத்தமே கேக்காது பாருங்க சார்" என்பார். நம் வீட்டுக்கு வந்து சேர்வது ஒற்றைக் கொக்கி, மெலிந்த துத்தநாகக் கலவை ஹேண்டில். இரண்டு கோடைக்குள் கழுத்தில் முறியும். கடலோரக் காற்று அடிக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் திருகுகளில் பழுப்புக் கண்ணீர் வழிய ஒரு வருடமே அதிகம். விற்கும்போது சொன்னது துருப்பிடிக்காத ஸ்டீல். அப்படியானால் வழிவது காபியாக இருக்கும்.

இன்னொரு சின்னச் சமாசாரம். ஸ்லைடிங் ஷட்டரை வெளியிலிருந்து யாரும் தூக்கிக் கழற்றிவிடாதபடி, மேல் டிராக்கில் ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டை வைக்க வேண்டும். விலை சில ரூபாய். அது இல்லாவிட்டால் லாக் சரியாக விழுந்தாலும் ஷட்டரை மேலே நெம்பிக் கழற்ற வழி இருக்கிறது. உங்கள் வீட்டு ஜன்னலில் மேல் டிராக்கை விரலால் தடவிப் பாருங்கள். தட்டுப்படவில்லையென்றால் பயப்பட வேண்டாம், உங்கள் டவரில் அநேகமாக யாருக்குமே இருக்காது. சமத்துவக் குடியிருப்பு.

இந்த அழகில், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வீட்டை நன்றாகப் பூட்டி, காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று போலீஸ் கேட்டுக்கொள்கிறது. நியாயமான வேண்டுகோள். எந்தக் கையால் தூக்கி எந்தக் கையால் திருப்ப வேண்டும் என்று அவர்களிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா தெரியவில்லை. கிரில் இருக்கிறதே என்பார்கள் சிலர். முகப்பின் அழகு கெட்டுவிடும் என்று வெளியே கிரில் போடக் கூடாதென்று விதி போட்ட புராஜெக்டுகள் எத்தனை! உள்ளே போட்டுக்கொள்ளலாம், நம் செலவில். அழகு அவர்களுடையது, ஆபத்து நம்முடையது. மேல்மாடிகளில் திருடன் ஏறி வரமாட்டான் என்று அடுத்த சமாதானம். திருடன் வரமாட்டான், வாஸ்தவம். ஒன்றரை வயதுக் குழந்தை உள்ளேயிருந்து தள்ளும். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருப்போம். ஒற்றை விரலுக்குத் திறக்கிற கண்ணாடி அங்கே இருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்குக் கிண்டல் வரவில்லை.

காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் இங்கே கரையேறாமலே நகரை மழையில் மிதக்கவிட்டது. இந்த ஊரில் ஜன்னல் செய்கிறவனுக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றும் எதிர்பாராத விருந்தாளி அல்ல. காற்றழுத்தத்தைத் தாங்கும் என்று ஆய்வகச் சான்றிதழை விளம்பரத்தில் காட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழ் ஆய்வகத்தில், நேரான சட்டத்தில், எல்லாக் கொக்கியும் மாட்டிய ஒரு ஜன்னல் வாங்கியது. நம் வீட்டு ஜன்னல் அந்தப் பரீட்சை எழுதவே இல்லை. கொக்கி மாட்டாத ஷட்டர் ஃபிரேமோடு ஒட்டாது; ஒட்டாத இடத்தில் ரப்பர் கேஸ்கெட் அழுந்தாது; அழுந்தாத இடத்தில் மழை உள்ளே வரும். விடிய விடிய கடகடவென்று ஆடும் ஷட்டருக்கு மடித்த செய்தித்தாளைச் சொருகி, கீழே பழைய துண்டைப் பரப்பி உட்கார்ந்திருப்பவர்கள் கோடியை நெருங்கும் விலை கொடுத்தவர்கள். சொருகிய பக்கத்தில் அதே பில்டரின் முழுப்பக்க விளம்பரம் இருந்தால் அது தற்செயல்தான்.

சரி, சட்டம்? சட்டம் பிரமாதம். கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 14-ஆவது பிரிவு, 3-ஆவது உட்பிரிவு சொல்வது இது: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ, வேலைப்பாட்டிலோ, தரத்திலோ குறை இருப்பதாக வாங்கியவர் தெரிவித்தால், கட்டணம் ஏதும் வாங்காமல் முப்பது நாளுக்குள் சரிசெய்து கொடுப்பது பில்டரின் கடமை, செய்யாவிட்டால் இழப்பீடு. அதே பிரிவு, சொன்ன பொருத்துசாதனங்களை வாங்கியவரின் சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோ ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேல் நிலமோ உள்ள புராஜெக்ட் என்றால் பதிவு செய்தே தீர வேண்டும். இதற்கென்று தமிழ்நாட்டில் தனிக் குழுமமே இருக்கிறது.

ஐந்து வருடம், முப்பது நாள். இந்த இரண்டு எண்ணையும் பில்டர் அலுவலகத்தில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். "சார், அது ஸ்ட்ரக்சருக்கு. ஜன்னல் லாக்கெல்லாம் ஹார்டுவேர். அதுக்கு ஒரு வருஷ வாரண்டிதான், அதுவும் வெண்டர் வாரண்டி." சட்டத்தில் 'கட்டமைப்பு அல்லது வேறெந்தக் குறையும்' என்றுதான் இருக்கிறதே தவிர, 'ஜன்னல் நீங்கலாக' என்று எங்கும் இல்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடிப் பேசி, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஐந்து வருடத்தை, ஓர் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் இருபத்தாறு வயது எக்சிக்யூட்டிவ் நாலு வருடம் கழித்துக்கொண்டு திருப்பித் தருகிறார். நாமும் வாங்கிக்கொண்டு வருகிறோம். அடுத்த அஸ்திரமாக நம் கையெழுத்தை எடுத்துக் காட்டுவார்கள்: "நீங்கதானே சார் எல்லாம் ஓகேன்னு சைன் பண்ணியிருக்கீங்க." சாவிக்காகப் பிடுங்கிய கையெழுத்து, ஒரு சட்டம் கொடுத்த உரிமையைத் தின்றுவிடும் என்றால் அப்புறம் சட்டம் எதற்கு, லட்டே போதுமே.

நுகர்வோர் ஆணையம் இன்னொரு வாசல். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்தை வைத்தே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். முயல வேண்டும்! எவ்வளவு நாசூக்கான வினைச்சொல். பூட்டுக்கு ஆய்வகச் சோதனை எதற்கு, ஒற்றை விரல் போதும் என்று நாம் நினைப்போம். எதிர்த்தரப்பு வக்கீல் நினைக்கமாட்டார். பில்டர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வைத்திருக்கிறார். ஒரு கீப்பருக்காக எவன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைவான்? குற்றம் சின்னதாக இருப்பதுதான் இந்தத் தொழிலின் பாதுகாப்பு. பெரிய பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். மூன்று மி.மீ. பொய்யாக ஆயிரம் ஜன்னலில் பிரித்துச் சொன்னால் யார் கேட்பது?

ஏழைகளுக்கு நடந்தபோதாவது ஊர் பார்த்தது. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரைக் கையால் தட்டினாலே பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அரசு ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று. அங்கே இருந்த ஜனங்கள் கேமரா முன்னால் சுவரைச் சுரண்டிக் காட்டினார்கள், வெட்கப்படவில்லை. நம்முடைய நடுத்தர வர்க்க டவர்களில் என்ன நடக்கிறது? வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், பூட்டாத ஜன்னலை வீடியோ எடுத்துப் போடுகிறார். அடுத்த நிமிடம் பத்தாவது மாடியிலிருந்து ஒரு கை கூப்பிய எமோஜி: "ஜி, இதெல்லாம் வெளிய ஃபார்வர்ட் ஆச்சுன்னா ரீசேல் வேல்யூ என்ன ஆகும்? ப்ளீஸ் டெலிட்." இன்னொருவர், "எங்க வீட்ல பிரச்சனையே இல்ல, பாசிட்டிவா இருங்க." பாசிட்டிவ்காரர் வீட்டு ஜன்னலில் மடித்த செய்தித்தாள் எட்டிப் பார்ப்பது எதிர் டவரிலிருந்து தெரியும். விற்கிறவன் நம்மிடம் மறைத்தது போதாதென்று, அடுத்து வாங்கப் போகிறவனிடம் மறைக்க நாமே சம்பளமில்லாத ஊழியர்களாகச் சேர்ந்துவிட்டோம். பில்டருக்கு இதைவிட விசுவாசமான விளம்பரப் பிரிவு கிடைக்காது.

திண்டுக்கல் பூட்டை நினைக்கிறேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு அது, கையால் செய்வது. அந்தப் பட்டறைகளை ஊர் கிட்டத்தட்ட மறந்து, ஒவ்வொன்றாகச் சாகவிட்டது. பூட்டுச் செய்யத் தெரிந்தவன் மகன் வேறு வேலைக்குப் போனான். பூட்டுக்கு அட்டை மடித்துச் சொருகத் தெரிந்தவர்கள் இப்போது ஊருக்கே பூட்டு மாட்டுகிறார்கள்.

எங்கள் டவரில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இருக்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் எதுவும் போடவில்லை, கூப்பிட்டுக் கத்தவும் இல்லை. ஒரு வெள்ளைத்தாளில், எந்த அறை, எந்த ஜன்னல், கொக்கிக்கும் துளைக்கும் எத்தனை மி.மீ. வித்தியாசம் என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதினார். மாதிரி வீட்டு ஹேண்டிலின் படத்தையும் தன் வீட்டு ஹேண்டிலின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். பிரிவு 14(3) என்று எண்ணைப் போட்டு, முப்பது நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் குறித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். பள்ளிக்கூடத்தில் எத்தனை விடுப்புக் கடிதங்களைத் திருத்தியிருப்பார், இது அவருக்கு ஒன்றுமே இல்லை.

கெடு முடிவதற்குள் மூன்று பேர் வந்தார்கள், ரசமட்டத்தோடு. அப்படி ஒரு பொருள் அந்தக் கம்பெனியில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃபிரேமைத் தளர்த்தி, பேக்கிங் வைத்து, ரோலரைத் திருகி, எல்லா ஜன்னலுக்கும் பல கொக்கி உள்ள கனமான ஹேண்டிலை மாட்டிவிட்டுப் போனார்கள். மாதிரி வீட்டில் இருந்த அதே ஹேண்டில். சத்தமே கேட்கவில்லை. அவர்கள் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். தன் வீட்டிலும் அதே கோளாறு, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். சூப்பர்வைசர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்ல எல்லாம் ஓகேன்னு இருக்கே சார். சைன் இருக்கு. அவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க, நீங்க எழுதிக் கொடுக்கலையே."